குசினிக் குழாயில் நொதியத் திரவம்: திருகோணமலை வீடொன்றில் கண்டவை

நொதியம் (என்சைம்) கலந்த குழாய்த் துப்புரவுத் திரவத்தை வாங்குபவர்களில் பெரும்பாலானோர், சிங்கில் தண்ணீர் இறங்காமல் தேங்கி நின்ற பிறகே கடைக்குப் போகிறார்கள். அந்த நேரத்தில் அது அவர்களுக்கு உதவுவதில்லை. போத்தலை முழுவதுமாகக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, அரை மணி நேரம் பார்த்து, காசு வீண் என்று சொல்லிவிட்டு எரிசோடாவை (காஸ்டிக் சோடா) நோக்கிப் போகிறார்கள். எங்கள் வீட்டில் இந்தத் திரவத்தைத் தொடர்ந்து பாவித்து வருவதால், அது எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை, நமது ஊரின் தண்ணீருக்கும் சமையலுக்கும் அதை எப்படிப் பொருத்திக்கொள்ளலாம் என்பதை விரிவாக எழுதலாம் என்று நினைத்தேன்.

எங்கள் வீடு உப்புவெளிப் பக்கம், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர். பாத்திரம் கழுவவும் குளிக்கவும் துணி துவைக்கவும் கிணற்றுத் தண்ணீர். குசினிக் கழிவுநீர் ஒன்றரை அங்குல பிவிசி பைப்பில் சுவரைத் தாண்டி வெளியே வந்து, முற்றத்தின் கீழால் ஓடி, பின்வளவில் இருக்கும் ஊறுகுழியில் விழுகிறது. மலசலகூடத்துக்கு மலக்குழி தனியாக இருக்கிறது. இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் ஏற்பாடு இதுதான். நிலம் மணற்பாங்கானது என்பதால் தண்ணீர் விரைவாக ஊறிப்போகும்; அதனாலேயே குழாய்க்குள் என்ன சேர்கிறது என்று யாரும் அதிகம் யோசிப்பதில்லை.

சிங்கை இடம் மாற்றிய வேளையில் பழைய பைப்பின் ஒரு துண்டை வேலைக்கு வந்த தம்பி வாளால் அறுத்து எடுத்தார். அதை எறிய வேண்டாம் என்று வாங்கி வைத்துப் பார்த்தேன். சுவரோடு ஒட்டியபடி வெண்மஞ்சள் நிறத்தில் கடினமான ஒரு படை. நகத்தால் சுரண்டினால் துகள் துகளாக உதிர்ந்தது. அதற்கு மேல் சாம்பல் நிறத்தில், விரலில் ஒட்டிக்கொண்டு சவர்க்காரம் போட்டாலும் எளிதில் போகாத ஒரு களிம்பு. குழாயின் அடிப்பக்கத்தில் மட்டும் கறுப்புச் சேறு, அதற்குள் கடல்மணல், தேயிலைத் தூள், சோற்றுப் பருக்கை, தேங்காய்ப்பூவின் நார். நடுவில் மிஞ்சியிருந்த துவாரத்தில் என் சுண்டுவிரல்தான் போனது. "அக்கா, நடுவில இருக்கிறது கொழுப்பு, அடியில இருக்கிறது மண். இந்த வெள்ளை இருக்குதே, அதுக்கு நீங்க எதை ஊத்தினாலும் போகாது" என்றார் அவர். ஒரு குழாய்க்குள் மூன்று வேறு வேறு அழுக்குகள் இருந்தன. நொதியத் திரவத்துக்கு இரை அவற்றில் ஒன்று மட்டுமே. மற்ற இரண்டையும் வேறு வழியில்தான் சமாளிக்க வேண்டும் என்பதை அந்தத் துண்டு குழாய்தான் எனக்குத் தெளிவாக்கியது.

அந்தச் சாம்பல் நிறக் களிம்பு எப்படி வந்தது என்பதே எனக்கு முதலில் விளங்கவில்லை. நாங்கள் பாவிப்பது தேங்காய் எண்ணெய். அது ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறையும். மார்கழி, தை மாதங்களின் சில விடியற்காலைகளைத் தவிர்த்தால் திருகோணமலையில் எண்ணெய்ப் போத்தல் உறைந்து நிற்பதைக் காண்பது அரிது. பிறகு குழாய்க்குள் மட்டும் எப்படி உறைகிறது? விடை எண்ணெயின் சிதைவில் இருக்கிறது. குழாய்க்குள் தேங்கும் எண்ணெய் நாளடைவில் பற்றீரியாக்களால் உடைக்கப்பட்டுக் கொழுப்பமிலங்களாக மாறுகிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம். தனியே பிரிந்த லோரிக் அமிலம் 44 பாகை வரையில் திண்மமாகவே இருக்கும். ஆகவே போத்தலில் திரவமாக இருக்கும் அதே எண்ணெய், குழாய்க்குள் சிதைந்த பிறகு வறண்ட கச்சான் காற்று வீசும் நமது கோடை வெயிலிலும் உருகாத பொருளாகிவிடுகிறது.

அதோடு கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் கிணற்று நீர் வன்னீர். சவர்க்காரம் நுரைக்கச் சுணங்கும், கேத்தலின் அடியில் வெள்ளைப் படை படியும். வன்னீரில் இருக்கும் கல்சியம் கொழுப்பமிலங்களோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத கல்சியம் சவர்க்காரம் உண்டாகிறது. குளிக்கும் வாளியின் ஓரத்தில் வழுவழுப்பாகப் படிவதும் குழாய்ச் சுவரில் இறுகிப்போவதும் ஒரே இனப் பொருள்தான். குழாய்த் தண்ணீர் மட்டும் பாவிக்கும் வீடுகளையும் எங்களைப் போன்ற வீடுகளையும் ஒப்பிட்டால், எங்களுக்கு இந்தப் படை கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை.

நொதியங்கள் உயிரற்ற புரதங்கள். ஒவ்வொன்றும் தனக்குரிய ஒரு வகைப் பொருளை மட்டும் வெட்டும். இலிப்பேசு கொழுப்பையும், அமைலேசு மாப்பொருளையும், புரோட்டியேசு புரதத்தையும், செலுலேசு தாவர நாரையும் சிறு கூறுகளாக்கும். சோற்றை நீண்ட நேரம் மென்றால் இனிப்பது நமது உமிழ்நீரில் உள்ள அமைலேசினால்தான் என்று பள்ளியில் படித்தோம்; அதே வேலைதான் குழாய்க்குள்ளும் நடக்கிறது. இது ஒன்றும் புதிய யோசனையும் இல்லை. ஜெர்மனிய வேதியியலாளர் ஒட்டோ றோம் 1913ஆம் ஆண்டிலேயே விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியத்தைத் துணி ஊறவைக்கும் தூளில் சேர்த்தார். இன்று நாம் வாங்கும் பல சலவைத் தூள்களிலும் நொதியம் இருக்கிறது. அப்படியானால் சலவைத் தூளையே குழாயில் கொட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கரையாத தூள் சிங்கின் கீழுள்ள வளைவில் தங்கி வன்னீரோடு சேர்ந்து கட்டிபடும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

கடையில் கிடைப்பவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்றில் நொதியம் மட்டும் இருக்கும். மற்றதில் நொதியத்தோடு உயிருள்ள பற்றீரியாக்களின் வித்திகளும் (உறங்குநிலையில் இருக்கும் பற்றீரியாக்கள்), பெரும்பாலும் பசிலசு இனத்தைச் சேர்ந்தவை, இருக்கும். இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. என் கணிப்பில் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். நொதியம் மட்டும் இருந்தால் அது கொழுப்பை வெட்டிக் கொழுப்பமிலத்தை விடுவித்துவிட்டு நின்றுவிடும். மேலே சொன்ன லோரிக் அமிலமும் கல்சியமும் அதன் பிறகு எங்கே போய்ச் சேரும்? சிங்கின் கீழே இருந்த அழுக்கு, முற்றத்தின் கீழே உள்ள நீண்ட குழாயிலோ ஊறுகுழியின் மணலிலோ போய் மறுபடி படியும். பற்றீரியாக்கள் இருந்தால் அவை குழாய்ச் சுவரில் தங்கி, தாமே நொதியத்தைச் சுரந்து, உடைந்த கூறுகளை உணவாக உட்கொண்டுவிடும். ஆகவே லேபிளில் "நொதியம்" என்ற சொல்லோடு பற்றீரியா அல்லது வித்தி என்ற சொல்லும் இருக்கிறதா என்று பார்த்தே நான் வாங்குகிறேன்.

விளம்பரத்தை நம்பாமல் ஒரு சிறு சோதனையும் செய்து பார்த்தேன். பழைய ஜாம் போத்தல்களில் அந்தக் குழாய்த் துண்டிலிருந்து சுரண்டிய களிம்பு, தடித்த சோற்றுக் கஞ்சி, சீப்பிலிருந்து எடுத்த தலைமயிர், வெள்ளைப் படையின் துண்டுகள் என்று தனித்தனியே போட்டு, வெதுவெதுப்பான நீரில் கலந்த திரவத்தை ஊற்றினேன். ஒப்பிடுவதற்காக வெறும் நீர் ஊற்றிய போத்தல்களையும் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் காலையிலேயே கஞ்சிப் போத்தலைச் சரித்தபோது பசைத்தன்மை போய்த் தண்ணீராக ஓடியது. களிம்பு உடனே மாறவில்லை; சில நாட்கள் போன பிறகு அதன் ஓரங்கள் நைந்து, குலுக்கினால் மேகம்போல் கலங்கியது. வெறும் நீரில் இருந்த களிம்பு போட்டபடியே கிடந்து நாற்றமெடுத்தது. தலைமயிரைக் கழுவி இழுத்துப் பார்த்தேன், அறவில்லை. வெள்ளைத் துண்டுகளிலும் எந்த மாற்றமும் இல்லை. அவற்றில் தேசிக்காய்ச் சாறு விட்டபோது சிலவற்றில் சிறு குமிழிகள் எழுந்தன. அவை சுண்ணப் படிவுகள் என்பது தெரிந்தது. வேறு சில அசையவே இல்லை.

இதிலிருந்து நடைமுறைக்கு வருகிறேன். நொதியத் திரவத்தை ஊற்றுவதற்கு முன்பு குழாயில் தண்ணீர் ஓட வேண்டும், மெதுவாகவேனும் ஓட வேண்டும். முழுவதும் அடைபட்ட குழாயில் ஊற்றினால் தேங்கிய நீரில் கரைந்து ஐதாகி, அழுக்கின் மேற்பரப்பை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். ஆகவே முதல் வேலை கைவேலைதான். சிங்கின் கீழுள்ள போத்தல் வடிவ வளைவை, அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, கையால் திருகிக் கழற்றலாம்; பெரும்பாலானவற்றுக்குச் சாவி தேவையில்லை. உள்ளே தங்கிய சேற்றைக் கொட்டி, பழைய பல் தூரிகையால் உட்புறத்தைத் தேய்த்து, றப்பர் வளையம் இடம் மாறாமல் திரும்பப் பூட்ட வேண்டும். அந்த வளையம் சற்று விலகினாலும் அலமாரிக்குள் தண்ணீர் சொட்டும். வெளியே உள்ள நீண்ட பைப்பில் அடைப்பு என்றால் சுருள்கம்பி விட்டுக் குத்தி வழி எடுக்க வேண்டும்.

வழி எடுத்த பிறகு, இரவு கடைசியாகப் பாத்திரங்களைக் கழுவி முடித்து, இனி விடியும்வரை சிங்கில் தண்ணீர் திறக்கப்படாது என்ற நிலையில் திரவத்தை ஊற்றுகிறோம். இதற்கு வேண்டியது நேரம். ஆறு முதல் எட்டு மணித்தியாலங்கள் வரை அது அழுக்கோடு ஒட்டி நிற்க வேண்டும். விடியப் புறப்படும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்த இடைவெளி கிடைப்பதே பெரிய விடயம். லேபிளில் சொல்லப்பட்ட அளவை வெதுவெதுப்பான நீரில் கலந்து, குழாயின் சுவரெங்கும் படும்படி மெதுவாகச் சுற்றி ஊற்றுவது நல்லது. ஆரம்பத்தில் அடுத்தடுத்த சில இரவுகள் ஊற்றிவிட்டு, பிறகு மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். விருந்து, கோயில் அன்னதானச் சமையல், பெருநாள் என்று எண்ணெய்ப் பாவனை கூடிய நாட்களுக்குப் பிறகு மேலதிகமாக ஒரு இரவு ஊற்றுகிறோம்.

நீரின் சூட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சுடுநீர் கொழுப்பை உருக்கும் என்பதால் கொதிநீரில் கலந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். நொதியம் புரதம் என்பதை மறக்கக் கூடாது. ஏறத்தாழ 60 பாகைக்கு மேல் அவற்றில் பெரும்பாலானவை, அவித்த முட்டையின் வெள்ளைக்கரு போலவே, மீளமுடியாதபடி இயல்பு மாறிவிடும். அப்படியே கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிவிசி குழாயும் அதன் ஒட்டுகளும் இளகும். 35 முதல் 40 பாகை வரை போதுமானது. வெப்பமானி இல்லாதவர்களுக்கு இந்த ஊரில் ஒரு வசதி இருக்கிறது: கன்னியா வெந்நீரூற்றில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றியவர்களுக்குக் குளிக்கத் தக்க சூடு என்றால் என்ன என்பது கைக்குத் தெரியும். ஏழு கிணறுகளுக்கும் சூடு சற்றே வேறுபடும் என்றாலும், கை தாங்கும் அந்தச் சூட்டைத் தாண்ட வேண்டாம்.

அடுத்தது குளோரின். கிணற்றுக்குக் குளோரின் இட்ட நாளிலும், சிங்கை வெளிற்றும் திரவத்தாலோ கிருமிநாசினியாலோ கழுவிய நாளிலும் நொதியத் திரவத்தை ஊற்றுவதில் பொருளில்லை. குளோரின் பற்றீரியாக்களைக் கொல்லும், நொதியங்களையும் சிதைக்கும். எங்கள் மாமிக்கு இரவில் சிங்கைக் கிருமிநாசினியால் கழுவிவிட்டுப் படுத்தால்தான் மனம் ஆறும். அவரோடு வாதாடுவதை விட, கிருமிநாசினியைக் காலையிலும் நொதியத்தை அதற்கு ஓரிரு நாள் கழித்து இரவிலும் என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டது எல்லோருக்கும் சுகமாக இருக்கிறது.

நொதியத்தால் ஆகாதவற்றில் முதலிடம் மணலுக்கு. கடற்கரையிலிருந்து வந்து காலையும் பிள்ளைகளின் உடுப்பையும் கழுவும் நீரோடு போகும் மணல், வளைவிலும் குழாயின் தாழ்ந்த இடங்களிலும் தங்கும். பிறகு கொழுப்பு அதைப் பிடித்துக் கட்டியாக்கும். வாசலுக்கு வெளியே உள்ள குழாயடியில் கால் கழுவுவதைத் தவிர இதற்கு வேறு மருந்து கிடையாது. மீன் செதிளும் அப்படியே. அதில் சுண்ணத் தாது கலந்திருப்பதால் எந்தப் போத்தலும் அதைக் கரைக்காது. மீனை வெளியே வெட்டி, கழுவிய நீரை வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றுவது இங்கே பழைய வழக்கம்தான், மாடிக் குசினி வந்த பிறகு அது சில வீடுகளில் விடுபட்டுப் போனது.

குளியலறைக் குழாயைப் பற்றிப் பலர் ஏமாறுகிறார்கள். தலைமயிரும் புரதம்தானே, புரோட்டியேசு அதைக் கரைக்காதா என்ற கேள்வி நியாயமானது. மயிரில் உள்ள கெரட்டின் என்ற புரதம் கந்தகப் பிணைப்புகளால் இறுகப் பின்னப்பட்டது. சாதாரண நொதியங்கள் அதற்குள் எளிதில் நுழைய முடியாது. மயிரைச் சுற்றிப் பிடித்திருக்கும் எண்ணெய்ப் பசையையும் வழுவழுப்பையும் நொதியம் தளர்த்தும், மயிர்ச் சுருள் அப்படியே கிடக்கும். நுனியை வளைத்த மெல்லிய கம்பியால் இழுத்தெடுப்பதும், வடிகாலின் வாயில் சிறு கண் உள்ள சல்லடை போடுவதும்தான் வழி. அந்தக் குழாய்க்கு நான் இப்போது நொதியத் திரவம் ஊற்றுவதே குறைவு.

ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரி காலத்தில் சிங்க் மெதுவாக இறங்கினால் குழாயைக் குறை சொல்வதற்கு முன் ஊறுகுழியைப் பார்க்க வேண்டும். வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது கரையோர மணல் நிலத்தில் நிலத்தடி நீர்மட்டம் சட்டென்று மேலே வரும். கிணற்றில் தண்ணீர் எட்டித் தொடும் உயரத்துக்கு வந்துவிட்டால் ஊறுகுழியிலும் தண்ணீர் நிறைந்திருக்கும் என்று கொள்ளலாம். குழாய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நீர் போவதற்கு இடம் இருக்காது. குசினி, குளியலறை இரண்டும் ஒரே நேரத்தில் மந்தமானால் காரணம் பெரும்பாலும் குழிப்பக்கம். சிங்க் மட்டும் மந்தமென்றால் காரணம் சிங்கின் அருகே. இந்த ஒரு வேறுபாட்டைப் பார்த்துக்கொண்டாலே மாரியில் வீணாகும் போத்தல்கள் மிஞ்சும்.

எரிசோடாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் நொதியம் பலிக்காதபோது எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். சோடியம் ஐதரொட்சைட்டு தண்ணீரில் கரையும்போது கடும் வெப்பத்தை விடும், கொழுப்பைச் சவர்க்காரமாக மாற்றிக் கரைக்கும், மயிரையும் கரைக்கும். அந்த வகையில் அதன் வேலை வேகமானது. ஆனால் நீர் ஓடாத குழாயில் அது ஓரிடத்தில் தேங்கிக் கட்டியாகிவிட்டால், அடைப்பும் எரிசோடாவும் சேர்ந்து கல்லாகிவிடும். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படி ஊற்றிவிட்டு, வேலைக்கு வந்தவரிடம் அதைச் சொல்லவில்லை. அவர் வளைவைத் திருகியபோது உள்ளிருந்த நீர் முழங்கை வரை வழிந்து தோல் வெந்தது. கண்ணில் படாதது அவருடைய நல்ல காலம். குழாயில் எதையேனும் ஊற்றியிருந்தால், அது எதுவாக இருந்தாலும், திறக்க வருபவரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும். எரிசோடா ஊற்றிய குழாயில் அன்றே நொதியம் ஊற்றுவதும் வீண். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, சில நாட்கள் விட்ட பிறகே அதற்கு வேலை. வெளிற்றும் திரவத்தையும் கழிப்பறை கழுவும் அமிலத்தையும் ஒரே குழாயில் அடுத்தடுத்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். சிறிய, காற்றோட்டமில்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றுவது பார்ப்பதற்கு அழகாக நுரைக்கும். இரண்டும் ஒன்றையொன்று நடுநிலையாக்கிக் காபனீரொட்சைட்டையும் உப்பு நீரையும் தருவதோடு கதை முடிகிறது.

பழத்தோலில் செய்யும் வீட்டு நொதியத்தைப் பற்றி அதிகமாகக் கேட்கிறார்கள். தாய்லாந்திலிருந்து பரவிய முறை அது: ஒரு பங்கு வெல்லம் அல்லது சர்க்கரை, மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம் புளிக்க வைத்தல். மாமியின் தங்கை தோடம்பழத் தோலிலும் அன்னாசித் தோலிலும் செய்து ஒரு பெரிய போத்தல் கொண்டுவந்து தந்தார். நல்ல மணம். அன்னாசியில் புரோமெலெயின் என்ற புரத நொதியம் இருப்பது உண்மைதான். ஆனால் மூன்று மாதம் புளித்துக் காடியாக மாறிய கரைசலில் எஞ்சுவது பெரும்பாலும் அசற்றிக் அமிலமும் மற்றைய கரிம அமிலங்களும்தான். கொழுப்பை வெட்டும் அளவுக்கு இலிப்பேசு அதில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. என் ஜாம் போத்தல் களிம்பு அதில் அசையவில்லை. அதே கரைசலால் தண்ணீர்க் குழாய் வாயிலும் கேத்தலிலும் படிந்த வெள்ளைப் படையைத் துடைத்தபோது நன்றாகப் போனது. அமிலத்துக்குரிய வேலை அது. அந்த வேலைக்காகவே இப்போதும் வைத்திருக்கிறோம். செய்பவர்கள் முதல் மாதத்தில் மூடியை நாள்தோறும் சற்றுத் திறந்து மூட வேண்டும், இல்லையேல் வாயு அடைந்து போத்தல் வெடிக்கும்.

குழாய்க்குள் போகும் அளவைக் குறைப்பதுதான் திரவத்தை விட மலிவான வழி. சொதி, இறைச்சிக்கறி, பொரித்த சட்டி ஆகியவற்றைக் கழுவும் முன் பழைய பத்திரிகைத் தாளால் வழித்தெடுத்துக் குப்பைக்குள் போடுகிறோம். ஆட்டுக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் 40 பாகையைத் தாண்டித்தான் உருகும் என்பதால், அவை சட்டியை விட்டுக் கழன்று குழாயில் குளிர்நீரைத் தொட்டதுமே உறைந்துவிடும். தம்பலகாமத்துப் பக்கமிருந்து வரும் எருமைத் தயிர்ச் சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஆடையும் அதே கதை. சோறு வடித்த கஞ்சியைச் சிங்கில் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதை முற்றாக நிறுத்தினோம். ஆறவிட்டுக் கோழிக்கோ நாய்க்கோ மாட்டுக்கோ கொடுக்கலாம், மரத்தடியிலும் ஊற்றலாம். தேயிலைத் தூளும் தேங்காய்ப்பூவும் சல்லடையில் நின்றுவிட வேண்டும். செலுலேசு இருக்கிறது என்று நம்பி அவற்றைக் குழாய்க்குள் விடுவது அறிவல்ல, நார் கரைய அது எடுக்கும் காலம் மிக நீண்டது.

நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதியோ சிறு சாப்பாட்டுக் கடையோ நடத்துபவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்குக் கொழுப்புப் பொறி, அதாவது கழிவுநீரிலிருந்து கொழுப்பைப் பிரித்துத் தேக்கும் தொட்டி, வேண்டும். அதில் மிதந்து உறையும் கொழுப்பை அள்ளி எடுக்கவும் வேண்டும். அள்ளுவதற்குப் பதிலாக நொதியம் ஊற்றினால் பொறியில் தங்க வேண்டிய கொழுப்பு கலங்கிக் கீழே போய் வேறிடத்தில் படியும். அமெரிக்காவில் பல நகரங்களில் உணவகங்களின் கொழுப்புப் பொறிகளில் நொதியம் ஊற்றுவதற்குத் தடை இருப்பது இதனால்தான்.

மலக்குழிக்கு என்று தனியாக விற்கப்படும் நொதியத் தூளை நாங்கள் வாங்குவதில்லை. மலத்தோடு வரும் பற்றீரியாக்களே அங்கே தாராளமாக இருக்கின்றன; அவற்றைக் குளோரினாலும் அமிலத்தாலும் கொல்லாமல் விட்டால் போதும். எந்தத் தூளைப் போட்டாலும் அடியில் படியும் சேறு முற்றாக மறையாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குழியை உறிஞ்சி வெறுமையாக்கும் கலி பவுசரைக் கூப்பிடும் செலவு எப்படியும் உண்டு.

தூளாக வாங்குபவர்கள் அதைக் கலக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், முடிந்தால் முகக்கவசம் அணிய வேண்டும். 1960களின் இறுதியில் சலவைத் தூள் தொழிற்சாலைகளில் நொதியத் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்தது பதிவாகியிருக்கிறது. அதன் பிறகே அவற்றைப் பூச்சிட்ட மணிகளாகச் செய்யத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கு முட்டு இருப்பதால் திரவத்தையே வாங்குகிறோம். வைக்கும் இடமும் கவனத்துக்குரியது. தகரக் கூரையின் கீழ் உள்ள அலமாரி வைகாசி, ஆனி மாதங்களில் அடுப்பாகிவிடும். அந்தச் சூட்டில் நொதியம் மெல்ல மெல்ல வலுவிழக்கும். ஆகவே தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், நிலத்தோடு, நிழலில் வைக்கிறோம். கடையில் வாங்கும்போது வெயில் படும் கண்ணாடித் தட்டில் நின்ற போத்தலை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைக் கேட்டு வாங்கலாம்; உற்பத்தித் திகதியையும் முடிவுத் திகதியையும் பார்க்க வேண்டும். பெரிய கொள்கலன் மலிவுதான், ஆனால் மாதத்துக்கு ஒருமுறை ஊற்றும் வீட்டுக்கு அது முடிவதற்குள் வலு போய்விடும்; சிறிய போத்தலே எங்களுக்குக் கட்டுப்படியாகிறது.